நாங்கள் கட்டிய காகிதப் பாலம்

முல்லைக் குழு, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

பழைய செய்தித்தாளை வைத்து என்ன செய்யலாம் என்று எங்கள் வீடுகளில் கேட்டால் பல பதில்கள் வரும். எடைக்குப் போடலாம், அலமாரியில் விரிக்கலாம், பாடப்புத்தகத்துக்கு அட்டை போடலாம், மழையில் நனைந்த காலணிக்குள் திணித்து வைக்கலாம். பாலம் கட்டலாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அன்புத் தோழியரே, நாங்கள் கட்டினோம்! ஒரு முறையல்ல, இரண்டு முறை. முதல் பாலம் விழுந்த கதையைத்தான் இங்கே நீளமாகச் சொல்லப் போகிறோம். நின்ற பாலத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

எங்கள் அறிவியல் மன்றத்தின் சார்பில், இயற்பியல் கற்பிக்கும் சிஸ்டர் பத்தாம் வகுப்பு முழுவதையும் ஆறு ஆறு பேராகப் பிரித்துப் பூக்களின் பெயரைச் சூட்டினார்கள். நாங்கள் முல்லை. யார் யாருடன் சேரவேண்டும் என்பதைச் சிஸ்டரே சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துவிட்டதால், ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடும் தோழியர் எல்லாரும் திசைக்கு ஒருவராகப் போய்விட்டோம். முதல் நாள் முல்லைக் குழுவில் ஒருவர் முகத்திலும் மலர்ச்சி இல்லை.

விதிகள் இவை. குழுவுக்கு 60 செய்தித்தாள்கள், ஓர் உருண்டை சணல் நூல், ஒரு கிண்ணம் மைதாப் பசை. மரம், கம்பி, ஒட்டும் நாடா எதுவும் கூடாது. ஒரு மீட்டர் இடைவெளியில் போட்ட இரண்டு பெஞ்சுகளுக்குக் குறுக்கே பாலம் நிற்கவேண்டும். அதைப் பெஞ்சோடு கட்டக்கூடாது. நடுவில் ஒரு பலகையை வைத்து, விடுதிச் சுவர் வேலையில் மிஞ்சிய செங்கல்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு செங்கலுக்கும் ஒரு நிமிடம் தாங்கவேண்டும். நேரம் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. இவற்றோடு இன்னொரு விதியும் இருந்தது. முதலிலேயே திட்டத்தை ஒரு தாளில் எழுதிச் சிஸ்டரிடம் தரவேண்டும்.

அந்தக் கடைசி விதியை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தலைவி (எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குபவள், இதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டோம்) நூலகத்தில் கல்கத்தாவின் ஹௌரா பாலத்தின் படத்தைப் பார்த்திருந்தாள். 1943-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தை நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, “நமக்கும் நட்டு போல்ட்டு கிடையாது. ஆகவே அதையே கட்டுவோம்” என்றாள். அந்த வாதத்தில் ஏதோ பெரிய அறிவு இருப்பதாக எங்களுக்கும் தோன்றியது. வண்ணப் பென்சிலால் பாலம் வரைந்து, கீழே நீலநிற நதியும் அதில் ஒரு படகும் வரைந்து கொடுத்தோம். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிஸ்டரின் சிவப்பு மை: “படம் அழகு. அளவு எங்கே? யார் என்ன செய்வார்?” படகு பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டோம்!

ஒத்திகைக்கு எங்களில் ஒருத்தி வீட்டுத் திண்ணையில் ஒரு சனிக்கிழமை கூடினோம். மூன்று பேர் தாளைச் சுருட்டிக் குழலாக்கினோம். பசை காய்ச்சுவது ஒருத்தி. நூல் கட்டுவது எங்கள் குழுவின் நெட்டைத் தோழி. தலைவி நின்றுகொண்டு படத்தைப் பார்த்து, “இங்கே ஒன்று, அங்கே ஒன்று” என்று கூறிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் கையில் இல்லாததால் நீளமான குழலுக்கு இரண்டு சாண், குட்டைக்கு ஒரு சாண் என்று பேசிக்கொண்டோம். பாதி வேலையில் வலதுபுறமும் இடதுபுறமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. சந்திக்காததை நூல் போட்டு இழுத்துக் கட்டினோம். இழுத்தால் எதுவும் சந்திக்கும் அல்லவா? பார்ப்பதற்கு ஹௌரா பாலம் போலத்தான் இருந்தது. கொஞ்சம் சாய்ந்த ஹௌரா பாலம்.

முதல் செங்கலை வைத்தோம். நின்றது. கைதட்டினோம். இரண்டாவது செங்கலை வைத்த கையை எடுப்பதற்குள் பாலம் இடதுபக்கமாக மடங்கி, செங்கல் திண்ணையில் விழுந்து, தலைவியின் கால் பெருவிரலுக்கு நான்கு அங்குலம் தள்ளி நின்றது.

அடுத்து நடந்ததை எழுதுவதற்குத்தான் எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு ஒருத்தி சொன்னாள்: “பசை தண்ணீராக இருந்தது.” மற்றொருத்தி, “நான் அப்போதே நினைத்தேன்” என்றாள். மூன்றாமவள், “மாவு சரியாக வேகவில்லை” என்றாள். நான்காமவளும் ஐந்தாமவளும் தலையாட்டினோம். ஐந்து பேருக்கும் மனம் இலேசாகிவிட்டது. பசை காய்ச்சியவள் ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தைக் கழுவினாள், துடைத்தாள், பையில் வைத்தாள், போய்விட்டாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மதிய உணவுக்கு வேப்பமரத்தடிக்கு அவள் வரவில்லை. வகுப்பிலேயே அமர்ந்து தனியாகச் சாப்பிட்டாள். நாங்கள் அழைக்கவும் இல்லை.

வகுப்பில் எழுந்து நின்று ஒரு பதில்கூடச் சொல்லாத தோழி ஒருத்தி எங்கள் குழுவில் உண்டு. உடைந்த பாலத்தை அவள்தான் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தாள். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. குப்பைக்குத்தான் என்று நினைத்தோம். வியாழக்கிழமை காலையில் ஒரு பையோடு வந்து, முடிச்சுகளை அவிழ்த்த குழல்களை மேசைமேல் வரிசையாக அடுக்கினாள். எல்லாமே ‘இரண்டு சாண்’ குழல்கள். ஒன்று 43 சென்டிமீட்டர், இன்னொன்று 40, இன்னொன்று 37! நெட்டைத் தோழியின் சாணும் விடுதித் தோழியின் சாணும் ஒன்றாக இருக்க முடியுமா? மூன்று கைகள் மூன்று அளவில் சுருட்டியதை நான்காவது கை இழுத்துக் கட்டியிருக்கிறது. பிறகு அவள் குழல்கள் ஒட்டிய இடங்களைக் காட்டினாள். பசை போட்ட இடம் ஒன்றுகூட விடவில்லை. காகிதம் நடுவில்தான் மடங்கியிருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்பது யார் என்பதில் ஒரு சிறு விவாதம் நடந்தது. “தலைவிதான் கேட்கவேண்டும்” என்று சிலர். “முதலில் சொன்னவள் கேட்கட்டும்” என்று தலைவி. கடைசியில் ஐந்து பேரும் போனோம். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் புரியாது. அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, “எனக்கு அன்றைக்கே தெரியும். என் கையில் ஒட்டிய பசை மறுநாள் காலை வரை போகவில்லை” என்றாள்.

“தெரிந்தால் சொல்லியிருக்கலாமேடி?”

“நீங்கள் யாரும் என்னைக் கேட்கவில்லையே.”

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தோம். “தனியாகச் சாப்பிட்டாள் என்பது சரி. ஆனால் அழவில்லை என்று நீங்கள் எழுதவேயில்லை” என்றாள். எழுதிவிட்டோம். அவள் அழவில்லை.

போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். சிஸ்டர் திட்டவில்லை, பாலம் எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவும் இல்லை. எங்கள் விடுதித் தோழியைப் பார்த்து, “உன் ஊர் தங்கச்சிமடம்தானே? பாம்பன் பாலத்தைப் பற்றி இவர்களுக்குச் சொல்லியிருக்கிறாயா?” என்று மட்டும் கேட்டார்கள்.

அவள் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் கேட்டால்தானே! அன்று மாலை வராந்தாவில் அவளைச் சுற்றி அமர்ந்துகொண்டோம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் கடல்மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் கொண்டது. நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு பக்கமும் கை விரிப்பதுபோல் மேலெழும் தூக்குப் பாலம் உண்டு. அதைத் தூக்குவதற்கு மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றிச் சுற்றித்தான் தூக்குவார்கள். சிறுவயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து அதை அவள் பார்த்திருக்கிறாள். “அந்தப் பக்கத்தில் நிற்கிறவர் முகம் இந்தப் பக்கத்தில் நிற்கிறவருக்குச் சரியாகத் தெரியாது. காற்றில் கத்தினாலும் கேட்காது. ஆனாலும் இரண்டு பக்கமும் மேலே போய்விடும்” என்றாள்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பயணிகளோடு ஒரு ரயில் கடலுக்குப் பலியானதும் நாங்கள் பாடத்திலும் படித்திருக்கிறோம். அதே புயலில் பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பகுதி கடலில் விழுந்துவிட்டதையும், அதைச் செப்பனிடும் பொறுப்பு 32 வயதான இ. ஸ்ரீதரன் என்ற பொறியாளரிடம் கொடுக்கப்பட்டதையும் அன்றுதான் அறிந்தோம். விழுந்த உத்திரங்களையே கடலிலிருந்து தேடி எடுத்து மீண்டும் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தை ஓடவைத்துவிட்டார்களாம். பின்னாளில் டில்லி மெட்ரோ ரயிலை உருவாக்கியவரும் அவர்தான். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதன் அருகிலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும், கையால் சுற்றவேண்டியதில்லை. “அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்” என்றாள் விடுதித் தோழி.

46 நாளில் கடலில் விழுந்த பாலத்தையே நிறுத்தியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்பது நாள், ஒரு மீட்டர்!

மறுநாள் சிஸ்டரிடம் மீண்டும் போனோம். அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: “உங்கள் ஆறு பேரில் ஒருத்திக்கு அன்றைக்கு வரமுடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” தலைவியைப் பார்த்தோம். அவள் தன் கைகளைப் பார்த்தாள். பாலம் முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. முடிச்சு முழுவதும் நெட்டைத் தோழியின் விரலில் இருந்தது.

ஹௌராவைக் கைவிட்டோம். தலைவிக்கு அது எளிதாக இருக்கவில்லை. ஆனால் நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டிப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்ந்துவிடுகிறது; மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டினால் எப்படித் தள்ளினாலும் உருமாறுவதில்லை என்று பேசாத தோழி காட்டியதும், அவளே பென்சிலை எடுத்துவிட்டாள். எல்லாக் குழலும் 30 சென்டிமீட்டர், முடிச்சுக்கு இரு முனையிலும் இரண்டு இரண்டு கூடுதல். ஒரே அளவு என்பதால் எந்தக் குழலையும் எங்கும் வைக்கலாம். ஒரு பக்கத்துக்கு அடியில் நான்கு, மேலே மூன்று, சாய்வாக எட்டு, ஆகப் பதினைந்து. இரண்டு பக்கத்துக்கு முப்பது. இரண்டையும் இணைக்க ஒன்பது. மொத்தம் 39. பாரம் ஏறினால் பாலத்தின் மேல்விளிம்பு நசுங்கும், அடிவிளிம்பு இழுபடும் என்று பாடத்தோடு பொருத்திப் பார்த்துப் புரிந்துகொண்டோம். ஆகவே மேல்விளிம்புக் குழல் ஆறுக்கும், ஓரத்துச் சாய்வுக் குழல் நான்குக்கும் இரட்டைத் தாள். அடிவிளிம்பு நெடுகிலும் சணல் நூல் ஓட்டம். இழுத்தால் நூலை வெல்ல யாரால் முடியும்? 49 தாள் ஆயிற்று. மிச்சம் பதினொன்று.

“அந்தப் பதினொன்றையும் சுற்றிவிட்டால் இன்னும் பலமாக இருக்குமே” என்றாள் தலைவி. பசைத் தோழி முதன்முதலாகக் குரலை உயர்த்தினாள்: “வேண்டாம். கெட்டுப் போவதற்கென்று இருக்கட்டும்.” கெட்டுப்போவதற்கும் ஓர் இடம் ஒதுக்கித் திட்டம் போட்டது எங்கள் வாழ்வில் அதுதான் முதல் முறை. (அன்று ஒன்பது தாள் கெட்டது. இரண்டுதான் மிஞ்சியது.)

ஒரு தென்னை ஈர்க்கை 34 சென்டிமீட்டருக்கு நறுக்கி அதை ‘முல்லைச் சாண்’ என்று பெயரிட்டோம். அதைத் தவிர வேறு கையாலோ கண்ணாலோ அளக்கக்கூடாது என்று சத்தியம் செய்தோம். ஒவ்வொரு வேலையையும் இரண்டு பேர் கற்றுக்கொண்டோம். நெட்டைத் தோழி ஒரு மாலை முழுவதும் எங்கள் குழுவின் அரட்டைத் தோழிக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தாள். அரட்டையின் முடிச்சுகள் அவள் பேச்சைப் போலவே நீளமாக இருந்தன, ஆனால் அவிழவில்லை. இதையெல்லாம் எழுதிச் சிஸ்டரிடம் புதிய தாளைக் கொடுத்தோம். நதி இல்லை, படகும் இல்லை. எங்களைக் கடந்து சென்ற தமிழம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, “தெரிந்து செயல்வகை, வினைசெயல்வகை என்று இரண்டு அதிகாரம், இருபது குறள். மனப்பாடம் செய்தீர்களே, இப்போதுதான் படிக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திருவள்ளுவர் செய்தித்தாளையும் நினைத்து எழுதியிருப்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

போட்டி நாள் அக்டோபர்க் கடைசிச் சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்து மழை. ஒன்பது மணிக்கு முல்லைக் குழுவில் ஐந்து பேர்தான்! நெட்டைத் தோழி வரும் பேருந்து சாலையில் மரம் விழுந்து நின்றுவிட்டதாம். ஒத்திகையில் இருந்த முல்லைக் குழுவாக இருந்தால் அங்கேயே மூட்டை கட்டியிருப்போம். இப்போது அரட்டைத் தோழி ஒரு வார்த்தை பேசாமல் நூல் உருண்டையை எடுத்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் நிலைமையின் தீவிரம் எங்களுக்கு உறைத்தது.

ஈரக் காற்றில் பசை காயாது என்று பசைத் தோழி முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே முதல் முக்கால் மணி நேரத்தில் எல்லாக் குழலையும் சுருட்டி மின்விசிறியின் கீழ் பரப்பிவிட்டு, காய்ந்தவற்றை மட்டும் எடுத்துக் கட்டத் தொடங்கினோம். பக்கத்தில் தாமரைக் குழுவினர் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். ரோஜாக் குழுவில் யாரோ அழுதார்கள். நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்: “இருபத்திரண்டு… இருபத்து மூன்று…” பத்தேகாலுக்குக் கதவருகே சொட்டச் சொட்ட நனைந்தபடி நெட்டைத் தோழி நின்றாள். “எத்தனை ஆயிற்று?” என்று கேட்டாள். நலம் விசாரிக்கக்கூட இல்லை, நாங்களும் விசாரிக்கவில்லை. ஈரக் கையோடு தாளைத் தொடக்கூடாது என்று பசைத் தோழி அவளை ஐந்து நிமிடம் மின்விசிறியின் கீழ் குழல்களோடு குழலாக நிறுத்திவைத்தாள்.

பன்னிரண்டு மணி அடித்தபோது முடித்திருந்தோம். ஹௌரா அல்ல. சமையலறை அலமாரி போன்ற ஏதோ ஒன்று. ஆனால் இரண்டு பக்கமும் சந்தித்தன, இழுத்துக் கட்டவேண்டியிருக்கவில்லை.

சிஸ்டர் செங்கலை வைத்தார்கள். ஒன்று. இரண்டு. இரண்டாவதில் தலைவி எங்களை அறியாமல் தன் கால் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தில் பாலம் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கியது. ஆறு. ஏழு. பெற்றோர் வரிசையில் யாரோ எண்ணத் தொடங்கினார்கள். எட்டு நின்றது. ஒன்பதாவது செங்கலை வைத்து நாற்பது வினாடிகூட ஆகியிருக்காது. இடது ஓரத்துச் சாய்வுக் குழல் ஒன்று மெல்ல வளைந்து, மிக மரியாதையாக, ஒரு பாட்டியம்மாள் தரையில் அமர்வது போலப் பாலம் அமர்ந்தது.

தாமரைக் குழுவுக்குப் பதினொன்று. பாட்டுப் பாடியதால் அல்ல. அவர்கள் குழல் எங்களுடையதைவிட இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருந்தது என்பதைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். எங்களுக்கு இரண்டாம் இடம்.

பரிசு வாங்கப் போகும் முன் ஆறு பேரும் எங்கள் பாலத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். வளைந்த குழலை எடுத்து ‘முல்லைச் சாண்’ வைத்து அளந்தோம். சரியாகத்தான் இருந்தது. அதைச் சுருட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பசைத் தோழி மட்டும் குனிந்து, ஒவ்வொரு முடிச்சையும் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி முடிச்சு வரை பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒட்டியிருக்கிறது” என்றாள். 

நாங்களும் ஒவ்வொருவராக அழுத்திப் பார்த்தோம்.